முதல் பென்ஷன் வந்துவிட்டது, எடுக்கத்தான் கை வரவில்லை

லேத்துக்காரன், கோவை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்கே இதுவரைக்கும் படிக்கத்தான் வந்திருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

2025 ஜூலை 31ஆம் தேதி காலையில் பைக்கைப் பஞ்சர் கடையில் விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பாங்கிலிருந்து மெசேஜ். எட்டாயிரத்துச் சொச்சம் வரவு வைத்திருக்கிறார்களாம். நான் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை, சீட்டும் எடுக்கவில்லை. லிங்க் அனுப்பி ஆளைக் கவிழ்ப்பார்களே, அந்த ரகம் போல என்று அழிக்கப் போனேன். அப்புறம்தான் உறைத்தது. பென்ஷன். ஜூன், ஜூலை இரண்டு மாதத்துக்கும் சேர்த்து. எனக்கு.

"ஏனுங்கண்ணா, கெட்ட சேதிங்களா?" என்று கடைப் பையன் கேட்டான். முகம் அப்படிப் போயிருக்கிறது.

நான் ஐ.டி.ஐ. டர்னர், லேத்தில் இரும்பு கடைகிற வேலை. படித்து வந்ததும் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எட்டுப் பேர், பத்துப் பேர் வேலை செய்யும் தகரக் கொட்டகை ஒர்க்ஷாப்புகளில் பதின்மூன்று வருடம் ஓட்டினேன். அங்கெல்லாம் பி.எஃப். கிடையாது, இருபது பேர் இருந்தால்தான் சட்டம். 1998 ஜூனில் பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் சேர்ந்தேன். 27 வருடம் அங்கேயே. எச்.எம்.டி. லேத்தில் ஆரம்பித்து, கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் வந்தபோது பயந்து, அப்புறம் அதையும் பழகி, கடைசி ஐந்து வருடம் டூல் ரூமில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். மே 31இல் மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். கிராஜுவிட்டி மூன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அது வந்தபோது ஒன்றும் தோன்றவில்லை, உழைத்த காசு என்று வாங்கி வைத்துவிட்டேன். இந்த எட்டாயிரம்தான் படுத்துகிறது.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். ரெக்கார்டில் என் பிறந்த தேதி 1.6.1967, அதன்படி 58 முடிந்துவிட்டது. எங்கள் அம்மா கணக்கு வேறு. "அண்ணா செத்தப்ப நீ கைக்குழந்தை. ஊரே ரேடியோப் பொட்டி முன்னாடி அழுதுட்டு இருந்துச்சு, நீ பசிக்கு அழுதே" என்பார். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. நான் பிறந்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். அப்படியென்றால் 1968 கடைசி. எனக்கு இன்னும் 57கூட ஆகவில்லைங்க!

எப்படி ஆனது என்றால், அக்காவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் அவள் போனாளாம். அம்மா, அப்பா இரண்டு பேரும் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள், என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வாத்தியார் என்னைக் கீழே இறக்கி, கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார். எனக்குக் கை நீளம், தொட்டுவிட்டது. ஜூன் ஒன்று, ஐந்து வயது முடிந்தது என்று எழுதிவிட்டார். மூன்றரை வயதில் ஒன்றாம் வகுப்பு.

அதனால் வாழ்நாள் முழுக்க எங்கே போனாலும் நான்தான் சின்னப் பையன். வகுப்பில் முதல் பெஞ்ச். ஐ.டி.ஐ.யில் மீசை முளைக்காத ஒரே ஆள். ஒர்க்ஷாப்பில் டீ வாங்கப் போகிறவன். கம்பெனியில்கூட சீனியர்கள் என்னை "தம்பி" என்றுதான் கூப்பிட்டார்கள், அவர்கள் ரிட்டயர் ஆகிப் போகிற வரைக்கும். அந்தப் பழக்கம் உள்ளே அப்படியே நின்றுவிட்டது. இப்போதும் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் லைனில் தெருவிளக்கின் கீழே ஷட்டில் ஆடுகிறேன். எதிரில் இருப்பவர்களுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது. மூன்றில் ஒரு கேம் ஜெயித்துவிடுவேன். (சரி, நாலில் ஒன்று.)

பென்ஷன் பாரத்துக்கு மனைவியோடு சேர்ந்து ஜோடி போட்டோ கேட்டார்கள். ஸ்டூடியோவுக்குப் போனோம். கேமராக்காரர் திரையைச் சரிசெய்துகொண்டே, "அறுபதாம் கல்யாணங்களா?" என்றார். வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதனால் இரண்டு முறை எடுக்க வேண்டியதாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது என் கேள்விகள். ஒன்று, கம்பெனியில் கான்ட்ராக்டில் திரும்ப வந்து பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறார்கள். போனால் பென்ஷன் நின்றுவிடுமா? இரண்டு, 27 வருடம் பிடித்தும் மாதம் நாலாயிரத்துச் சொச்சம்தான் வருகிறது, கணக்குச் சரிதானா? மூன்றாவதுதான் உண்மையான கேள்வி. உங்கள் முதல் பென்ஷனை என்ன செய்தீர்கள்? ஏ.டி.எம். வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பி வந்துவிட்டேன். அதை எடுத்துச் செலவு செய்துவிட்டால் கிழவன் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

---

இடுப்புவலிக்காரன்:

அண்ணா, எனக்கு 34. ஐ.டி. கம்பெனி. குனிந்து செருப்பு மாட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நீங்கள் நாலில் ஒரு கேம் ஜெயிக்கிறீர்கள் என்றால் அந்தப் பென்ஷனை என் பெயருக்கு மாற்றிவிடுங்கள், எனக்குத்தான் பொருத்தம்.

---

பி.எஃப். கணக்கு, திருப்பூர்:

முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். மூன்றாவது என் இலாகா இல்லை.

வேலைக்குத் தாராளமாகப் போங்கள், பென்ஷன் நிற்காது. 58 முடிந்ததும் பென்ஷன் திட்டத்தில் உங்கள் உறுப்பினர் கணக்கு முடிந்துவிடுகிறது. மறுபடி பி.எஃப். பிடித்தாலும் முதலாளி பங்கு முழுவதும் பி.எஃப்.புக்கே போகும், பென்ஷனுக்கு வெட்ட மாட்டார்கள். இன்னொரு வழியும் இருந்தது: 58இல் வாங்காமல் 60 வரை தள்ளிப் போட்டிருந்தால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடியிருக்கும். உங்களுக்கு ஆரம்பித்தாயிற்று, அதை நினைத்துப் புழுங்க வேண்டாம். நாலாயிரத்தில் 4 சதவீதம் 160 ரூபாய்.

கணக்கு சரிதான். பலர் நினைப்பது போல இது நீங்கள் வாங்கிய முழுச் சம்பளத்தின் மீது போடும் பென்ஷன் கிடையாது. சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்துத்தான் போடுவார்கள். 2014 செப்டம்பர் 1 முதல் அது 15,000, அதற்கு முந்தைய சேவைக்கு 6,500. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போகிறது, அதுவும் 15,000க்கு மேல் எவ்வளவு சம்பளம் இருந்தாலும் மாதம் 1,250தான். சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பது சூத்திரம். உங்களுக்கு 2014 ஆகஸ்ட் வரை பதினாறே கால் வருடம், 6,500 மீது போட்டால் 1,509. அதன் பிறகு பத்தே முக்கால் வருடம், 15,000 மீது 2,304. கூட்டினால் 3,800ஐத் தாண்டும். 20 வருடத்துக்கு மேல் சேவை இருப்பதால் இரண்டு வருடம் போனஸ். நாலாயிரத்துச் சொச்சம் வந்துவிட்டதா?

குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014இல் வைத்தார்கள், அந்த ஆயிரத்தை வாங்குகிறவர்கள் என் மேசைக்கு முன்னால் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் மிராசுதார்.

கிராஜுவிட்டியை என்ன செய்தீர்கள் என்று சொல்லவில்லை. சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துக்கு 60 வயது ஆக வேண்டும், ஆனால் 55 தாண்டி ஓய்வு பெற்றவர்கள் பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் சேர்த்துக்கொள்வார்கள். இப்போது, 2025இல், 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். காலக்கெடுவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த ஜோடி போட்டோவைக் கிண்டல் செய்யாதீர்கள். உங்களுக்குப் பிறகு வீட்டம்மாவுக்குப் பாதிப் பென்ஷன் வர வேண்டுமே, அதற்குத்தான் அது.

---

முழு நைட் அக்கா, உடுமலை:

தம்பி (உங்களைத் தம்பி என்றே கூப்பிடுகிறேன், எனக்கு 63), மில்லில் ரிங் பிரேம் (நூல் நூற்கிற மெஷின்) பார்த்தவள் நான். மூன்று ஷிப்ட்டும் மாறி மாறி, முழு நைட் வந்தால் காலையில் வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சோறு கட்டிவிட்டுத்தான் தூக்கம். மில்லை மூடினார்கள். கையில் காசில்லை. 53 வயதிலேயே பென்ஷன் எழுதிக் கொடுத்துவிட்டேன். முன்கூட்டி வாங்கினால் வருடத்துக்கு 4 சதவீதம் குறைப்பார்கள், ஆயுசுக்கும் அதே குறைச்சல்தான் என்று அப்போது யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. எனக்கு வருவது ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். இதைப் படிக்கிற யாராவது 50, 52 வயதில் இருந்தால், முடிந்தவரை பொறுத்துக்கொள்ளுங்கள் கண்ணு.

முதல் பென்ஷனை என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். மளிகைக் கடைப் பாக்கி. இரண்டாவது மாதம் கரண்ட் பில். மூன்றாவது மாதம்தான் எனக்கென்று யோசித்தேன். மகனுடைய பழைய ஸ்கூட்டி வாசலில் சும்மா நின்றது. பெட்ரோல் போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஓட்டப் பழகினேன். இரண்டு முறை வேலியில் விழுந்தேன். இப்போது பென்ஷன் என்றால் எனக்குப் பெட்ரோல் காசு. திருமூர்த்தி மலை வரைக்கும் போய் வருவேன்.

ஒரு விஷயம் மறக்காமல் செய்யுங்கள். வருடம் ஒருமுறை உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். முதல் வருடம் நான் போனபோது மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஏறவில்லை. ரேகை எல்லாம் நூலோடு போய்விட்டது. "நீங்க இருக்கீங்களா இல்லையான்னு மெஷினுக்குச் சந்தேகமா இருக்குங்கம்மா" என்றான் அந்தப் பையன். இப்போது போனில் முகத்தைக் காட்டினாலே ஆகிவிடுகிறது. நீங்களும் இரும்போடு கிடந்த கை, ரேகை நம்பி உட்காராதீர்கள்.

---

ஓய்வு பெற்ற ஆசிரியர், பெருந்துறை:

அன்பரே, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். எனக்கு 76. 1970 முதல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தவன். உங்களுக்குத் தேதி போட்ட வாத்தியார் நானாக இருக்க வாய்ப்பில்லை, கோவைப் பக்கம் நான் வேலை பார்த்ததே இல்லை. ஆனால் அதே காரியத்தை நூறு தடவையாவது செய்திருப்பேன், ஆகவே அவர் சார்பில் நானே பேசிவிடுகிறேன்.

அப்போது பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்றை யாரும் கொண்டுவர மாட்டார்கள். நாடு முழுவதற்குமான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல்தான் வந்தது. தாய்மார்கள் சொல்லும் கணக்கு உங்கள் அம்மா சொன்னது போலத்தான் இருக்கும்: பெருமழைக்கு அடுத்த தை, செவலைப் பசு கன்று போட்ட வாரம், மாமன் செத்த கருமாதி அன்று. இதை வைத்துப் பதிவேட்டில் என்ன எழுதுவது? பள்ளி திறப்பது ஜூன். ஐந்து முடிந்திருக்க வேண்டும். ஆக ஜூன் ஒன்று. சில நாள் மனசாட்சி உறுத்தினால் மே 15, மே 20 என்று மாற்றிப் போடுவேன். இன்றைக்கும் ஜூன் 1ஆம் தேதி வாட்ஸ்ஆப்பைத் திறந்தால் என்னிடம் படித்தவர்களில் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன்.

உங்கள் அக்காவைப் பற்றி எழுதினீர்களே, அதுதான் என்னை எழுத வைத்தது. அந்த வாத்தியாருக்கு உங்கள் கை நீளமா, குட்டையா என்பது பெரிய விஷயமாக இருந்திருக்காது. தம்பியைச் சேர்க்காவிட்டால் அக்கா நின்றுவிடுவாள். நாலு நாள் வருவாள், ஐந்தாம் நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிடுவார்கள். நான் எத்தனையோ பெண் பிள்ளைகளை அப்படி இழந்திருக்கிறேன். அப்புறம்தான் மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார், இடுப்பில் இருக்கிறதையும் சேர்த்து எழுது என்று. மதியம் சோறும் கிடைக்கும், இரண்டும் வரும். உங்கள் அக்கா எது வரை படித்தார் என்று சொல்ல முடியுமா?

ஒன்றரை வருடச் சம்பளம் போயிற்றே என்று நீங்கள் எங்களைத் திட்டலாம், நியாயம்தான். எங்களுக்கே அந்த வருத்தம் வேறு விதத்தில் உண்டு. நான் 58இல் வெளியே வந்தேன். தமிழக அரசு 2020இல் 59 ஆக்கியது, மறு வருடம் 60. எனக்கு அந்த இரண்டு வருடச் சம்பளம் கிடைக்காமல் போயிற்று.

முதல் பென்ஷன் வந்த அன்று நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஒன்பதேகாலுக்கு சைக்கிளை எடுத்துவிட்டேன். பாதி வழியில்தான் எங்கே போகிறோம் என்று தெரிந்தது. இறங்கி டீக்கடையில் உட்கார்ந்து, மணி அடிக்கும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்டது. இரண்டாவது டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். வருடா வருடம் கருவூலத்தில் நேர்காணலுக்குப் போகும்போது வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்களைப் பார்த்து "பாவம், எவ்வளவு வயசானவர்கள்" என்று நினைப்பேன். போன வருடம் ஒருவர் திரும்பிப் பார்த்தார், என்னைவிட நாலு வருடம் ஜூனியர். 80 முடிந்தால் பென்ஷனில் 20 சதவீதம் கூடும், அதற்காகவே தினம் ஐயாயிரம் அடி நடக்கிறேன்.

---

லேத்துக்காரன், கோவை:

எல்லாருக்கும் நன்றிங்க. கம்பெனி வாரத்தில் மூன்று நாள் வரச் சொல்லியிருக்கிறது, அடுத்த திங்கள் முதல் போகிறேன். கிராஜுவிட்டிக்கு நாளைக்குத் தபால் ஆபீஸ் போக வேண்டும், தேதி பார்த்தேன், இன்னும் நேரம் இருக்கிறது. திருப்பூர்க்காரரே, கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்த்தேன், ஒத்துக்கொண்டேன்.

வாத்தியாரய்யா, அக்கா எட்டாவது வரைக்கும் படித்தாள். எங்கள் பக்கத்துச் சொந்தத்தில் எட்டாவது படித்த முதல் பெண் அவள்தான். நேற்று போன் செய்து உங்கள் பதிலை முழுக்கப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "உன்னைத் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பே ஒரு பக்கம் சாஞ்சு போச்சுடா, பென்ஷன்ல பாதி அனுப்பு" என்றாள். ஆயிரம் ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். அதுதான் பென்ஷனிலிருந்து எடுத்த முதல் காசு.

அம்மாவிடம் சொன்னதற்கு, "உனக்கு எதுக்குடா அதெல்லாம், எனக்கே இன்னும் வரலே" என்றார்.

மீதிக்கு என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மே 31 அன்று ஸ்டோர்ஸில் எல்லா டூலையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தபோது வெர்னியரை, அதுதான் அளவு பார்க்கிற கருவி, அதைக் கொடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. 150 மில்லிமீட்டர், மிட்டுடோயோ கம்பெனி. பதினெட்டு வருடம் என் சட்டைப் பையில் இருந்தது. சொந்தமாக ஒன்று வாங்கியதே இல்லை, எதற்கு வாங்க வேண்டும், கம்பெனி கொடுக்கிறதே. முந்தாநாள் டூல்ஸ் கடைக்குப் போய் அதே மாடல் கேட்டேன். கடைக்காரர் என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு டிஜிட்டலை எடுத்து வைத்தார். "வயசானவங்களுக்கு இது சவுகரியமுங்க, நம்பர் பெரிசாத் தெரியும்." நான் கோடு போட்டதையே கொடுங்கள் என்றேன். பிடிவாதம்தான். வீட்டுக்கு வந்து படிக்க ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே நிற்க வேண்டியிருந்தது, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கியும் பார்த்தேன், ஏற்றியும் பார்த்தேன். கைக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை, வெர்னியரின் தாடை தொட்டதும் நின்றுவிட்டது.

அளக்க ஒன்றும் கிடைக்காமல் வீட்டுக்காரியின் கையைப் பிடித்து வளையலை அளந்தேன். கல்யாணத்தில் போட்டது. ஒரு இடத்தில் 3.10 மில்லிமீட்டர், கண்ணாடி வளையல் உரசுகிற இடத்தில் 2.86. சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, "அஞ்சு வருசமாத் தேஞ்சு போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டுத்தானே இருக்கேன், இப்பத்தான் உங்களுக்கு அளவு தெரிஞ்சுதா?" என்றாள்.

அடுத்த ஒரு வருடப் பென்ஷன் எங்கே போகும் என்று தெரிந்துவிட்டதுங்க. ஷட்டிலுக்கு நேரமாச்சு, வருகிறேன்.